காருக்குள் நல்ல காற்று: திருகோணமலையில் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டால் தூசும் புகையும் வெளியிலேயே நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கார் வாங்கி எட்டு மாதம் இருக்கும். மகள் காரில் ஏறிப் பத்து நிமிடம் போவதற்குள் தும்மத் தொடங்கிவிடுவாள். வீட்டில் தும்மல் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை, காரில் மட்டும்தான். ஏசியைப் பார்க்கச் சொல்லி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பாஸ் ஏசியைத் தொடவே இல்லை. முன் சீற்றுக்கு நேரே இருக்கும் டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சட்டத்தை இழுத்தெடுத்தார். வெள்ளை மடிப்புக் கடதாசியாக இருக்கவேண்டியது சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. மடிப்புகளுக்குள் வேப்பஞ்சருகு, நெற்பதர், ஒரு வண்டின் இறக்கை.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி, இவ்வளவு நாளும் பிள்ளை இதுக்குள்ளால வந்த காத்தைத்தான் இழுத்திருக்கு.”

அதுதான் கேபின் பில்டர், காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது. அதை மாற்றிய கிழமையிலேயே தும்மல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்று தேடத் தேடத்தான் இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற விஷயங்களெல்லாம் எனக்குப் பிடிபட்டன.

ஒரு சிறிய காருக்குள் இருப்பது ஏறக்குறைய 3 கன மீற்றர் காற்றுத்தான். அதை இரண்டு வழியில் கெடுக்கலாம். ஒன்று, வெளியிலிருந்து வருவது. மற்றது, உள்ளேயே விளைவது. நம்முடைய ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, ஈரம், பூஞ்சணம். வருடம் முழுவதும் உப்புக் காற்றும் கடற்கரை மணலும். வெளியிலிருந்து வருவதைப் பில்டர் தடுக்கும். உள்ளே விளைவதை நாம்தான் தேடிப்பிடித்து அகற்றவேண்டும். கடையில் விற்கும் வாசனை டப்பா இந்த இரண்டில் எதையும் செய்யாது.

முதலில் அந்த ஒரு பொத்தான்

ஏசிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் கார் படம் போட்ட பொத்தானோ தள்ளுகோலோ இருக்கும். காருக்குள்ளேயே அம்புக்குறி வளைந்து சுற்றினால், உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப எடுக்கிறது என்று பொருள். அம்புக்குறி வெளியிலிருந்து உள்ளே வந்தால், வெளிக்காற்றைப் பில்டர் வழியாக எடுக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர், ஏசி கெதியாகக் குளிரும் என்பதற்காக முதலாவதைப் போட்டுவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமிலவாயு. வெளியிலுள்ள சாதாரணக் காற்றில் அது 10 லட்சத்துக்கு 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. நான்கு பேர் ஏறி, கண்ணாடியை மூடி, உள்காற்றையே சுற்றவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் அது 2,000ஐத் தாண்டிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தலை பாரமாக இருக்கும், கொட்டாவி வரும், கண் சொருகும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை காட்டு வழி, நேர் றோட்டு. விடியப்புறம் வெளிக்கிட்ட களைப்போடு அந்த இடத்தில் வரும் நித்திரைக்கு, மூடிய காரின் காற்றும் ஒரு காரணம்.

நான் செய்வது இதுதான். வழக்கமாக வெளிக்காற்றில் வைத்திருப்பேன். கரும்புகை கக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டினால், சீனக்குடாப் பக்கமிருந்து வரும் லொறிகளின் பின்னால் போனால், யாராவது றோட்டோரம் குப்பை எரித்தால், உடனே உள்காற்றுக்கு மாற்றுவேன். தாண்டியதும் திரும்ப வெளிக்காற்று. உச்சி வெயிலில் உள்காற்றில் ஓடவேண்டி வந்தால், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள். மழை நாட்களில் முன்கண்ணாடி உட்புறம் புகார் பிடிப்பதும் பெரும்பாலும் உள்காற்றைச் சுற்றவிடுவதால்தான். வெளிக்காற்றும் ஏசியும் சேர்ந்து ஓடினால் சில நிமிடத்தில் தெளியும்.

பில்டரைக் கழற்றுவது

இதற்குக் கராஜ் தேவையில்லை. அநேகமான ஜப்பான் கார்களில் ஒரு கருவியும் இல்லாமல் கையாலேயே செய்யலாம்.

டாஷ்போர்ட் பெட்டியிலுள்ள சாமான்களை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து, ஒரு பக்கச் சுவரில் மெல்லிய தண்டோ நூலோ கொளுவியிருந்தால் அதைக் கழற்றுங்கள். அப்புறம் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமத்தினால் பெட்டி முழுவதும் கீழே சரியும். பின்னால் நீள்சதுரமாக ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும், அதன் ஓரத்துக் கொளுக்கியை அமத்தி இழுங்கள். உள்ளே பில்டர். வெளியே எடுக்கும்போது சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். சாய்த்தால் அதன்மேல் கிடக்கும் குப்பை, காற்றை ஊதும் விசிறியான புளோவருக்குள் விழுந்துவிடும், பிறகு காற்றைத் திறந்தாலே சரசரவென்று சத்தம் வரும். சட்டத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதியதும் அதே பக்கம் பார்க்கவேண்டும்.

கடதாசிப் பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். நனைந்தால் அதன் இழைகள் விலகிவிடும், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், நுண்தூசி தாராளமாக உள்ளே போகும். மேலாகத் தட்டி உதறி இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஓடலாம், அவ்வளவுதான்.

காரோடு வரும் புத்தகத்தில் 15,000 அல்லது 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டிருப்பார்கள். புழுதியான இடத்தில் அதற்கு முன்பே மாற்றச் சொல்லியும் இருப்பார்கள். நான் இங்கே கிலோமீற்றர் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலம் பார்த்து மாற்றுகிறேன். பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து தம்பலகாமப் பக்கம் வைக்கோல் தூசு அடங்கிய பிறகு, ஏப்ரலில் ஒருமுறை. கச்சானும் சிறுபோக வெட்டும் முடிந்து, மழை தொடங்குவதற்கு முன், செப்டெம்பர் கடைசியில் இன்னொருமுறை. இரண்டாவது தவணைதான் முக்கியம். ஐந்து மாதப் புழுதியும் சருகும் படிந்த பில்டர் ஒக்டோபர் மழையில் ஈரத்தை உறிஞ்சினால், அதுவே பூஞ்சணத்துக்கு நாற்றுமேடை ஆகிவிடும்.

கடையில் இரண்டு வகை கேளுங்கள். வெள்ளை நிறத்தில் வருவது தூசையும் மகரந்தத்தையும் பிடிக்கும். சாம்பல் கறுப்பாக வருவதில் செயலூட்டிய கரி இருக்கிறது, புகை நெடியையும் சில வாயுக்களையும்கூடப் பிடித்துவைக்கும். நம்முடைய நாட்டிலேயே சிரட்டைக்கரியிலிருந்து செயலூட்டிய கரி செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளோ முதியவர்களோ ஏறும் கார் என்றால் கரிப் பில்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் பில்டர் தூசால் அடைபடுவதற்கு முன்பே அதன் கரி நிறைந்துவிடும், ஆகவே பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருடம் விட்டுவைக்க முடியாது. சில சிறிய கார்களில் பில்டருக்கான இடம் இருக்கும், பில்டர் போட்டிருக்காது. மூடியைத் திறந்து பார்க்கும்வரை அது தெரியவராது. வாங்கிய முதல் கிழமையிலேயே திறந்து பாருங்கள்.

திறக்கும்போது கிழிந்த கடதாசித் துண்டு, பஞ்சு, எலிப் புழுக்கை தெரிந்தால் கையை வைக்காதீர்கள். வயல் ஓரமாகக் கார் விடுகிறவர்களுக்கு இது வருடாவருடம் நடக்கும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். காய்ந்தபடி கூட்டினாலோ வக்கூம் பிடித்தாலோ தூளெல்லாம் காற்றில் எழும்பும்.

காற்று நுழையும் வாசல்

வெளிக்காற்று உள்ளே வருவது முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் கிடக்கும் இடத்திலுள்ள ஓட்டைகள் வழியாக. வேம்புக்குக் கீழே, புளிக்குக் கீழே கார் விடுகிறோம், நிழலுக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. ஆனால் அந்தச் சருகு பொனற்றின் பின் ஓரத்தில் விழுந்து, மழையில் ஊறி, அங்கேயே அழுகும். ஏசியைப் போட்டதும் வரும் மக்கிய நாற்றம் பல நேரம் அங்கிருந்துதான். பொனற்றைத் திறந்து கையால் அள்ளி எடுங்கள், கிழமைக்கு ஒருமுறை, இரண்டு நிமிட வேலை.

ஏசியின் ஈரம்

ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது காற்றிலுள்ள ஈரம் உள்ளே ஒரு சுருளில் தண்ணீராகப் படியும். கூல்ட்ரிங்ஸ் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது மாதிரி. அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படவேண்டாம், நல்லது. சொட்டாமல், முன் சீற்றின் கால் வைக்கும் இடத்தில் காப்பெற் ஈரமாக இருந்தால்தான் கவலை. குழாய் அடைத்துவிட்டது, அடுத்த நாளே காட்டுங்கள்.

நனைந்த சுருளை இருட்டுக்குள் அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மருந்து ஸ்பிரே வாங்குவதைவிட நல்ல பழக்கம் ஒன்று உண்டு. போய்ச்சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை மட்டும் அணைத்துவிட்டு, காற்றை வெளிக்காற்றில் வைத்து நடுத்தர வேகத்தில் ஓடவிடுங்கள். எங்கள் வீடு சாம்பல்தீவில். நகரத்திலிருந்து வரும்போது உப்புவெளியிலுள்ள உலகப்போர்க் கால மயானத்தைத் தாண்டியதும் ஏசிப் பொத்தானை அமத்திவிடுவேன். இப்போது மகளே ஞாபகப்படுத்துகிறாள். வீடு வருமுன் சுருள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். ஒரு மாதம் விடாமல் செய்தபோது, காலையில் காரைத் திறந்ததும் வரும் அந்த நனைந்த துவாய் நாற்றம் நின்றது. தும்மலின் மீதிப் பாதியும் அதோடுதான் போனது.

மணலும் மீனும்

நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போய்வரும் காரில் மணல் இல்லாமல் இருக்காது. மணல் மட்டும் என்றால் பரவாயில்லை, அது உப்பையும் கொண்டுவருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காப்பெற் காயவே காயாது. ஏறுவதற்கு முன் கால்களைத் தட்டச் சொல்லுங்கள். ஒரு போத்தல் நல்ல தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும், பாதத்தைக் கழுவ. துணிக் காப்பெற்றுக்கு மேல் விளிம்பு உயர்ந்த ரப்பர் மெற் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் எடுத்து உதறினால் போதும்.

இனி மீன். எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை திருக்கடலூர்ப் பக்கம் வாங்கிய சூரையை இரட்டைப் பையில் போட்டு, பின் சீற்றின் அடியில் வைத்தேன். முள் பையைக் குத்தியிருக்கிறது. ஞாயிறு மத்தியானம் வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தபோதுதான் தெரியவந்தது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தேன். அது பிழையான வேலை. சூடு பட்டால் மீன் சாற்றிலுள்ள புரதம் உறைந்து நாரோடு ஒட்டிவிடும்.

சரியான முறை இது. முதலில் பச்சைத்தண்ணீரால் நனைத்து, பழைய சாரத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். மீன் வாடைக்கு முக்கிய காரணம் அமின் என்ற காரப்பொருள். காரத்தைப் புளிப்பு, அதாவது அமிலம், அடக்கும். மீன் கழுவிய கையில் தேசிக்காய் தேய்த்தால் வாடை போவதும் இதனால்தான். ஆகவே வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அந்த இடம் ஊறும்வரை ஊற்றி, இருபது நிமிடம் விடுங்கள். திரும்ப ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை நனைத்து ஒற்றுங்கள். முக்கியமான விஷயம், காப்பெற்றுக்கு அடியில் தடித்த பஞ்சுப் படை ஒன்று இருக்கும். சாறு அங்கேதான் தங்கும். ஓரத்தைக் கிளப்பி, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, நான்கு கதவையும் திறந்து, மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பி ஒரு பகல் முழுவதும் காயவிடுங்கள். காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தாராளமாகத் தூவி இரவு விட்டு, காலையில் வக்கூம் பிடியுங்கள். எனக்கு இரண்டுமுறை செய்யவேண்டி வந்தது. இப்போது மீனுக்கென்று மூடியுள்ள ரிஜிபோம் பெட்டி ஒன்று டிக்கியில் இருக்கிறது, கருவாட்டுக்கும் அதுதான். பால் கொட்டினாலும், பிள்ளை சத்தி எடுத்தாலும் இதே முறைதான்.

வாசனை போடுவது பற்றி

வாசனை டப்பா நாற்றத்தை எடுப்பதில்லை, அதன்மேல் இன்னொரு இரசாயன நெடியைப் பரப்புகிறது, அவ்வளவுதான். முட்டு உள்ளவர்களுக்கு அதுவே இருமலைக் கிளப்பும். பிள்ளையார் படத்துக்கு முன் ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள், கோணேசர் கோயிலுக்குப் போகும்போதும் சரி, தூரப் பயணம் வெளிக்கிடும்போதும் சரி, காருக்கு வெளியே நின்று காட்டிவிட்டு ஏறுங்கள். 3 கன மீற்றருக்குள் ஒரு ஊதுபத்தியின் புகை மிக அதிகம். அது சுவாசப்பையின் அடிவரை போகக்கூடிய நுண்துகள். பூச்சி உருண்டையைக் காருக்குள் போடவே கூடாது. அதிலுள்ள நப்தலீன் ஆவி, ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது அநேகருக்குத் தெரியவே தெரியாது. சிகரெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுப் புகைத்தாலும் சீற்றில் படிந்தது மாதக்கணக்கில் வெளிவரும்.

நாற்றமே இல்லாத ஆபத்து

இதுவரை சொன்னதெல்லாம் மூக்குக்குத் தெரிகிறவை. மூக்குக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எஞ்சின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறும் இடத்தை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். எந்தப் பில்டரும் அதைத் தடுக்காது. ஆகவே மூன்று விஷயங்களைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், மழைக்காகக்கூட. நிறுத்திய காரில் எஞ்சினையும் ஏசியையும் போட்டுவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள். இரவுப் பயணத்தில் சாரதிக்குக் களைத்தால், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் எஞ்சினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் படுக்கலாம். மூன்றாவது, டிக்கியைத் திறந்தபடி ஓடாதீர்கள். சைக்கிளோ பலகையோ ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகும்போது, ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். வேறு வழியில்லை என்றால் முன்கதவுக் கண்ணாடிகளை முழுவதும் இறக்கி, காற்றை வெளிக்காற்றில் பலமாக வைத்து, கிட்டிய தூரம் மட்டும் போங்கள். காரில் போகும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் வந்தால், உடனே நிறுத்தி இறங்குங்கள். சைலன்சர் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டு, திருத்தும்வரை அந்தக் காரில் ஏறவேண்டாம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறியது என்பது குழாயில் ஒழுக்கு இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற பழக்கத்தில் இன்னும் சிலர் டிக்கியில் கானில் பெற்றோல் வைத்திருக்கிறார்கள். அதன் ஆவியில் புற்றுநோய் தரும் பென்சீன் இருக்கிறது, தீ ஆபத்து வேறு. இறக்கிவிடுங்கள்.

வெயிலில் நின்ற கார்

வெளியில் 33 பாகை என்றால், மூடிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் 50ஐத் தாண்டும். முதல் பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 பாகை ஏறிவிடும். கடைக்குள் ஓடிப்போய் வருகிறேன் என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போகக்கூடாது என்பது இதனால்தான், ஒரு நிமிடமாக இருந்தாலும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக், பசை, சீற்றின் பஞ்சு எல்லாவற்றிலிருந்தும் இரசாயன ஆவி கிளம்பும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புதுக் கார் வாங்கியவர்கள் ஆசையோடு முகரும் அந்தப் புது மணமும் இதே ஆவிதான். முதல் ஆறு மாதம் அது கூடுதலாக இருக்கும். ஏறுவதற்கு முன் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு தரம் திறந்து மூடுங்கள், சூட்டுக் காற்று வெளியே தள்ளப்படும். முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியைத் திறந்தபடி ஓடி, அப்புறம் ஏசியைப் போடுங்கள். சீற்றைச் சுற்றியிருக்கும் பொலித்தீனைப் புதுசாக இருக்கட்டும் என்று விட்டுவைக்காமல் முதல் நாளே கிழித்தெறியுங்கள், அதற்குள் வியர்வை ஈரம் தங்கும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மொடல்களில் பின் சீற்றின் பக்கத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும், பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகும். அதன்மேல் பையையோ துணியையோ வைக்காதீர்கள், பில்டர் மாற்றும் நாளில் அதிலுள்ள தூசையும் எடுத்துவிடுங்கள்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெயில் ஏறிய பிறகு போங்கள், நீங்களும் சென்ற் பூசாமல் போங்கள். விற்பவரிடம் கேட்டு, வாசனை டப்பாவை எடுத்துவிட்டு, கண்ணாடிகளை மூடி, கால் மணித்தியாலம் வெயிலில் நிற்க விடச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். ஏசியைப் போட்டு முதல் அரை நிமிடக் காற்றை முகருங்கள், மெற்றைக் கிளப்பி உள்ளங்கையை அமத்திப் பாருங்கள், டிக்கியில் மாற்றுச் சில்லை எடுத்து அதன் குழிக்குள் துருவோ சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சீற் பெல்ட்டை முடியும்வரை இழுங்கள். எல்லாவற்றையும் கழுவிச் சீற்றுக்குப் புது உறை போட்டாலும், பெல்ட்டின் சுருண்டிருக்கும் பகுதியைப் பெரும்பாலும் யாரும் கழுவுவதில்லை. அதில் குறுக்காக மண் நிறக் கோடு இருந்தால், அந்தக் கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.